மீகடத்திகளின் உள்ளமைப்பை அறிய உதவும் குவாண்டம் அலைவுகள்

மின்சாரம் கம்பியின் வழியே செல்லும்போது அதன் ஒரு பகுதி வெப்பமாக மாறி வீணாவதை அனைவரும் அறிவர். சில பொருள்களைப் போதுமான அளவுக்குக் குளிர்வித்தால் இந்த இழப்பு முற்றிலும் மறைந்துவிடுகிறது. மின்தடை சுழியாகிவிடும் இந்நிலையே மீகடத்துநிலை எனப்படும். 1911-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஆனஸ் என்னும் அறிஞர் பாதரசத்தில் இதனை முதன்முதலாகக் கண்டார். இன்று மருத்துவமனைகளில் உடலுறுப்புகளைப் படமெடுக்கும் காந்த ஒத்ததிர்வுக் கருவிகள் மீகடத்திக் கம்பிச் சுருள்களைக் கொண்டே பெரும்பாலும் இயங்குகின்றன.

பாதரசம், ஈயம், நியோபியம் போன்ற உலோகங்களில் மீகடத்துதிறன் தோன்றும் காரணத்தை 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் விளக்கினர். படிகத்தின் அணுக்கோவை அதிர்வுகளின் வாயிலாக எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன; இணைந்தவை யாவும் ஒன்றுபட்டுத் தடையின்றி இயங்குகின்றன. ஆனால் இவ்விளக்கத்துக்குக் கட்டுப்படாத மீகடத்திகளும் உள்ளன. 1986-இல் பெட்நார்ஸ், மியூல்லர் ஆகியோர் கண்டறிந்த செம்பு ஆக்சைடுச் சேர்மங்கள் இவற்றுள் தலையானவை. இவ்வகைச் சேர்மங்களுள் ஒன்று சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 135 கெல்வின் வரையில் மீகடத்தியாக விளங்குகிறது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின் என்பதை நோக்க, இதன் பயன் எளிதில் விளங்கும். எனினும், இவற்றில் எலெக்ட்ரான்களை இணைப்பது எது என்பதில் அறிஞரிடையே இன்னும் முழு உடன்பாடு ஏற்படவில்லை. இவற்றையே வழக்கத்துக்கு மாறான மீகடத்திகள் என்கிறோம்.

புதிய மீகடத்தி ஒன்றைக் கண்டுபிடிப்பது ஒரு பணி. கண்டுபிடித்ததன் இயல்பை உள்ளிருந்து அறிவது வேறொரு பணி. முதற்பணியில் நம் நாட்டு ஆய்வாளர்கள் உலகம் மதிக்கும் வெற்றிகளைப் பெற்றுள்ளனர். மும்பையும் புனேயும் அமைந்துள்ள மராட்டிய மாநிலத்தில் இதற்குச் சிறந்த சான்றுகள் உண்டு. இரண்டாம் பணிக்கு வேண்டிய கருவிகளுள் மிகவும் நம்பத்தக்கது குவாண்டம் அலைவு அளவீடு. அது யாது, எவ்வாறு பயன்படுகிறது, அதில் நம் நிலை என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஃபெர்மிப் பரப்பு

ஓர் உலோகத்துண்டில் எண்ணற்ற எலெக்ட்ரான்கள் உள்ளன. ஒரே நிலையில் இரண்டுக்கு மேற்பட்ட எலெக்ட்ரான்கள் இருக்க இயலாது என்பது குவாண்டம் இயலின் விதி. அந்த இரண்டும் எதிரெதிர்த் தற்சுழற்சி உடையனவாக இருத்தல் வேண்டும். ஆகவே குறைந்த ஆற்றலுள்ள நிலைகள் முதலில் நிரம்புகின்றன. அடுத்தடுத்து உயர்ந்த நிலைகள் நிரம்பி, எலெக்ட்ரான்கள் யாவும் இடம் பெற்றவுடன் நிரம்புதல் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு நிலையையும் அதன் உந்தத்தைக் கொண்டு குறித்தால், நிரம்பிய பகுதியையும் வெற்றுப் பகுதியையும் பிரிக்கும் ஓர் எல்லைப் பரப்பு கிடைக்கும். இதுவே ஃபெர்மிப் பரப்பு.

ஆழத்தில் உள்ள எலெக்ட்ரான்களுக்கு அருகில் காலி இடம் இல்லை. எனவே அவற்றால் அசைய இயலாது. எல்லையில் உள்ளவையே மின்னோட்டத்தில் பங்கு கொள்கின்றன, வெப்பத்தை ஏற்கின்றன, மீகடத்துநிலையில் இணை சேர்கின்றன. ஃபெர்மிப் பரப்பு கோளமாக இருக்கலாம், உருளையாக இருக்கலாம், பல துண்டுகளாகவும் பிரிந்திருக்கலாம். அதன் வடிவம் தெரியாமல் ஒரு மீகடத்தியைப் பற்றிக் கோட்பாடு வகுப்பது, நிலப்படம் இன்றிப் பாசனக் கால்வாய் வெட்டப் புறப்படுவதை ஒக்கும்.

அலைவுகள் தோன்றும் விதம்

காந்தப்புலத்தில் எலெக்ட்ரான் வட்டப்பாதையில் சுழலும். புலம் வலிமையுடையதாகவும் படிகம் தூயதாகவும் இருந்தால், எலெக்ட்ரான் எதன்மீதும் மோதாமல் தன் சுற்றை முழுமையாக முடிக்கும். அவ்வாறு முடிக்கும் சுற்றுகளுக்குக் குவாண்டம் விதி பொருந்துகிறது. எல்லா அளவிலான சுற்றுகளும் அனுமதிக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட படிகளில் மட்டுமே ஆற்றல் அமைகிறது. ரஷ்ய அறிஞர் லாண்டாவ் 1930-இல் இதனைக் காட்டியதால் இப்படிகள் லாண்டாவ் மட்டங்கள் எனப்படுகின்றன.

கோயில் குளத்தின் படிக்கட்டை நினைவிற்கொள்க. நீர்மட்டம் அசையாமல் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு படியின் உயரமும் மெல்ல மெல்லக் கூடுகிறது எனக் கற்பனை செய்க. அப்போது நீருக்குள் இருந்த படிகள் ஒவ்வொன்றாக நீர்மட்டத்தைக் கடந்து மேலே வரும். இங்கு நீர்மட்டம் என்பது ஃபெர்மி எல்லை. படிகள் லாண்டாவ் மட்டங்கள். படியின் உயரத்தைக் கூட்டுவது காந்தப்புலம். ஒவ்வொரு மட்டமும் எல்லையைக் கடக்கும் தருணத்தில், அங்கு உள்ள எலெக்ட்ரான் நிலைகளின் செறிவு கூடிப் பின் குறைகிறது. அதனுடன் பொருளின் காந்தமாக்கமும் மின்தடையும் பிற பண்புகளும் ஏறி இறங்குகின்றன. இவையே குவாண்டம் அலைவுகள்.

1930-ஆம் ஆண்டிலேயே லைடன் ஆய்வுக்கூடத்தில் டே ஹாஸ், வான் ஆல்பன் ஆகியோர் பிஸ்மத் படிகத்தின் காந்தமாக்கத்தில் இவ்வலைவுகளைக் கண்டனர். ஷுப்னிகோவும் டே ஹாஸும் அதே பிஸ்மத்தின் மின்தடையில் கண்டனர். பல ஆண்டுகள் இது பிஸ்மத்தின் தனிப்பண்பு போலவே கருதப்பட்டு வந்தது. 1952-இல் லார்ஸ் ஆன்சாகர் இதன் உட்பொருளைத் தெளிவாக்கினார். காந்தப்புலத்தின் தலைகீழ் மதிப்பைக் கொண்டு நோக்கினால் அலைவுகள் சம இடைவெளியில் அமைகின்றன. அவற்றின் அலைவெண், காந்தப்புலத்துக்குச் செங்குத்தான தளத்தில் ஃபெர்மிப் பரப்பின் மீப்பெரு அல்லது மீச்சிறு குறுக்குவெட்டுப் பரப்பளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. இவ்விரண்டையும் இணைக்கும் எண் பிளாங்க் மாறிலி, எலெக்ட்ரானின் மின்னூட்டம் ஆகிய அடிப்படை மாறிலிகளால் மட்டுமே ஆனது; பொருளுக்குப் பொருள் மாறுவதன்று. இம்முறையின் நம்பகத்தன்மைக்கு இதுவே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

தலைகீழ் புலத்தைக் கொண்டு அளப்பதால், இவ்வலைவெண்ணின் அலகும் காந்தப்புலத்தின் அலகாகிய டெஸ்லாவே ஆகும். ஒரு பொருளின் அலைவெண் 530 டெஸ்லா எனக் கொள்வோம். புலத்தை 40 டெஸ்லாவிலிருந்து 60 டெஸ்லாவுக்கு உயர்த்தினால் எத்தனை அலைவுகள் தோன்றும்? 530-ஐ 40-ஆல் வகுத்தால் 13.25, 60-ஆல் வகுத்தால் 8.83. இரண்டின் வேறுபாடு சுமார் 4.4. ஆகவே நான்கு முழு அலைவுகளையும் ஐந்தாவதன் ஒரு பகுதியையும் காணலாம். அலைவெண் 18,100 டெஸ்லாவாக இருப்பின், அதே இடைவெளியில் ஏறத்தாழ 150 அலைவுகள் தோன்றும். சிறிய குறுக்குவெட்டு மெதுவான அலைவையும், பெரிய குறுக்குவெட்டு நெருக்கமான அலைவையும் தரும் என்பது இதனால் விளங்கும்.

படிகத்தைப் புலத்தின் திசையிலிருந்து சற்றுச் சற்றாகத் திருப்பி அளந்தால், பல கோணங்களில் குறுக்குவெட்டுகள் கிடைக்கும். அவற்றை ஒன்று சேர்த்து முழு வடிவத்தையும் வரையலாம். வேறு இரு செய்திகளும் கிடைக்கின்றன. வெப்பநிலை உயர உயர அலைவின் வீச்சு குறையும். அது குறையும் வேகத்திலிருந்து எலெக்ட்ரானின் பயனுறு நிறையைக் கணக்கிடலாம். எலெக்ட்ரான்கள் தமக்குள் எவ்வளவு வலுவாக வினைபுரிகின்றன என்பதை இந்நிறை காட்டும். புலத்தைக் குறைக்கும்போது அலைவு மங்கும் விதத்திலிருந்து, எலெக்ட்ரான் மோதல்களுக்கிடையே எவ்வளவு தொலைவு செல்கிறது, அதாவது படிகம் எவ்வளவு தூயது என்பதை அறியலாம்.

இதற்கு மூன்று இன்றியமையாத் தேவைகள் உள்ளன. முதலாவது, குறைபாடற்ற ஒற்றைப் படிகம். இரண்டாவது, திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினும் அதற்குக் கீழும் ஆன குளிர். மூன்றாவது, வலிய காந்தப்புலம். மீகடத்திகளைப் பொறுத்தவரை மூன்றாவது தேவை இருமடங்காகிறது. எலெக்ட்ரான்கள் இணைந்துள்ள நிலையில் அவற்றின் ஃபெர்மிப் பரப்பு மறைந்து கிடக்கிறது. வலிய புலத்தால் மீகடத்துநிலையை அடக்கினால்தான், அந்நிலை எதிலிருந்து பிறந்ததோ அந்த அடிப்படை நிலை தெளிவாக வெளிப்படும்.

வத்திராயிருப்பிலிருந்து புதுடில்லி வரை

இத்துறையின் வளர்ச்சியில் தமிழகத்துக்குத் தொடர்புடைய பெயர் ஒன்று உண்டு. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், இராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் பங்கு கொண்டவர் என்ற அளவிலேயே பலருக்கும் தெரியும். அவர் 1930-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வாறு வேறுபடுகிறது என்பதை ஆராய்ந்தார். படிகத்தை மெல்லிய படிகக்கல் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலம் அதன்மீது செலுத்தும் திருகுவிசையை இழையின் முறுக்கத்தைக் கொண்டு அளந்தார். குவாண்டம் அலைவுகளை அளக்க இன்றும் பெரிதும் பயன்படும் முறைகளுள் ஒன்று இதே அடிப்படையில் அமைந்தது. இழைக்குப் பதிலாக மயிரிழையினும் மெல்லிய நெம்புத்தகடு வந்துள்ளது என்பதே வேறுபாடு.

கிருஷ்ணன் 1947-இல் புதுடில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1950-களின் தொடக்கத்தில் அங்கே ஹீலியத்தைத் திரவமாக்கும் வசதி ஏற்பட்டது. குவாண்டம் அலைவு ஆய்வில் உலகின் முதன்மை அறிஞராகப் பின்னர் விளங்கிய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டேவிட் ஷோன்பெர்க், 1953-54-இல் யுனெஸ்கோவின் தாழ்வெப்பநிலை இயற்பியல் ஆலோசகராக அங்குப் பணியாற்றினார். விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலேயே இத்துறைக்கு வேண்டிய அடித்தளத்தை இட நம் நாடு முயன்றது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

செம்பு ஆக்சைடுகளில் கிடைத்த விடை

செம்பு ஆக்சைடு மீகடத்திகள் கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகள் வரை அவற்றில் ஐயத்திற்கிடமற்ற குவாண்டம் அலைவுகளை எவராலும் காண இயலவில்லை. காரணம் இரண்டு: படிகங்கள் போதிய தூய்மை பெறவில்லை, தேவையான புலமும் மிகப் பெரிது. இதற்கிடையே, ஒளியைப் பாய்ச்சி எலெக்ட்ரான்களை வெளியேற்றி ஆராயும் முறையினர் வியப்பான முடிவொன்றை அறிவித்திருந்தனர். துளைவளம் குறைந்த செம்பு ஆக்சைடுகளில், ஃபெர்மிப் பரப்பு மூடிய வளைவாக இல்லாமல் துண்டு விற்களாகக் காணப்பட்டது. அங்ஙனமாயின் சாதாரண உலோகத்துக்குரிய ஃபெர்மிப் பரப்பு இவற்றில் உண்டா என்ற கேள்வியே எழுந்தது.

2007-இல் விடை கிடைத்தது. கனடாவின் வான்கூவர் நகரில் பல ஆண்டு உழைப்பில் வளர்க்கப்பட்ட இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடுப் படிகங்களை, பிரான்ஸின் துலூஸ் நகரில் உள்ள துடிப்புக் காந்தக் கூடத்தில் 62 டெஸ்லா வரையிலான புலத்தில் வைத்து, லூயி டையெஃபர் முதலானோர் ஆராய்ந்தனர். பெரும் மின்தேக்கிகளில் சேர்த்த ஆற்றலை ஒரே வீச்சில் சுருளினுள் பாய்ச்சி, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அளவீட்டை முடிக்கும் முறை அது. அலைவெண் 530 டெஸ்லா எனக் கிடைத்தது. முன்னர் எடுத்துக்காட்டில் கொண்ட எண் இதுவே. ஃபெர்மிப் பரப்பு உண்டு. ஆனால் அதன் குறுக்குவெட்டு, படிகத்தின் அடிப்படை உந்தக் கட்டத்தில் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே என்பது இதனால் தெரிந்தது.

மறு ஆண்டில் தாலியம் கலந்த, துளைவளம் மிக்க செம்பு ஆக்சைடு ஒன்றில் 18,100 டெஸ்லா அலைவெண் அளக்கப்பட்டது. இது அக்கட்டத்தில் 65 சதவீதம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு பொருள்களுள் ஒன்றில் ஃபெர்மிப் பரப்பு பெரியதாகவும் மற்றொன்றில் அதன் முப்பதில் ஒரு பங்கு அளவிலும் இருப்பானேன்? இடையில் ஏதோ ஓர் ஒழுங்கமைவு புகுந்து பெரும் பரப்பைச் சிறு துண்டுகளாக வெட்டியிருக்க வேண்டும். இவ்வினாவே ஆய்வை வழிநடத்தியது. 2011, 2012 ஆண்டுகளில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வும் எக்ஸ்-கதிர்ச் சிதறலும் இட்ரியம் சேர்மத்தில் மின்னூட்டச் செறிவு அலைபோல் ஒழுங்குபட்டிருப்பதை நேரடியாகக் காட்டின.

இவ்வாய்வில் சிறப்பிடம் பெற்றவர்களுள் ஒருவர் சுசித்ரா செபாஸ்டியன். சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் நிர்வாகவியலில் பட்டம் பெற்று, பின்னர் இயற்பியலுக்கே திரும்பி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கேம்பிரிட்ஜில் அவரும் அவருடைய குழுவினரும் செய்த விரிவான அலைவு அளவீடுகள், சிறு ஃபெர்மித் துண்டு உந்தவெளியில் எங்கே அமைந்துள்ளது, மின்னூட்ட ஒழுங்கால் எவ்வாறு உருவாகிறது என்பதைத் தெளிவாக்க உதவின. 2022-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் புதுத்தொடுவானப் பரிசு இவருக்கு அளிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு கருத்தை வலியுறுத்துதல் தகும். கோட்பாடுகள் மாறலாம், நன்கு அளந்து வரைந்த ஃபெர்மிப் பரப்பு மாறுவதில்லை. 1994-இல் மீகடத்தியென அறியப்பட்ட ஸ்ட்ரான்சியம் ருத்தேனியம் ஆக்சைடு இதற்கு நல்ல சான்று. 1996-இல் குவாண்டம் அலைவுகள் அதன் ஃபெர்மிப் பரப்பு மூன்று உருளை போன்ற தாள்களால் ஆனது எனக் காட்டின. அதன் எலெக்ட்ரான் இணைகள் எவ்வகையின என்பது பற்றி நிலவிய கருத்து 2019-இல் வெளியான புதிய அளவீடுகளால் ஆட்டம் கண்டது. ஆனால் மூன்று தாள்களைப் பற்றிய அறிவு அப்படியே நிலைபெற்றுள்ளது. புதிய கோட்பாடுகளும் அதன்மீதே கட்டப்படுகின்றன.

மும்பையில் இரு கண்டுபிடிப்புகள்

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நாகராஜன், எல். சி. குப்தா முதலானோர், இட்ரியம், நிக்கல், போரான், கார்பன் ஆகிய நான்கும் சேர்ந்த கலவையில் ஏறத்தாழ 12 கெல்வினில் மீகடத்துதிறனைக் கண்டு 1994-இல் வெளியிட்டனர். அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தினரும் இக்குடும்பப் பொருள்களை அறிவித்தனர். இதனால் போரோகார்பைடுகள் என்னும் புதிய மீகடத்திக் குடும்பம் உலகுக்கு அறிமுகமாயிற்று. நிக்கல் பொதுவாகக் காந்தத்தன்மைக்குப் பேர்போன தனிமம். காந்தத்தன்மையோ மீகடத்துதிறனுக்குப் பெரும்பாலும் பகை. ஆதலின் இக்கண்டுபிடிப்பு பெரிதும் கவனத்தை ஈர்த்தது.

இப்பொருள் அடுக்கடுக்கான அமைப்புடையது. செம்பு ஆக்சைடுகளைப் போலவே இதிலும் எலெக்ட்ரான்கள் அடுக்குகளுக்குள் அடங்கி இயங்குகின்றனவா என்ற கேள்வி உடனே எழுந்தது. எலெக்ட்ரான் அமைப்புக் கணக்கீடுகள், அவை முப்பரிமாணத்திலும் இயங்குகின்றன என்று காட்டின. கணக்கீட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டிய குவாண்டம் அலைவு அளவீடுகள் 1995 முதல் சில ஆண்டுகளில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நிறைவேறின. மீகடத்துநிலை முற்றிலும் நீங்குமுன்னரே, காந்தச் சுழல்கள் ஊடுருவிய கலப்புநிலையிலும் இப்பொருளில் அலைவுகள் தொடர்கின்றன என்பதும் அங்கேதான் ஆராயப்பட்டது. பொருளைக் கண்டவர்களுள் நாமும் இருந்தோம். அதன் நிலப்படத்தை வரைந்தவர்கள் பிறராயினர்.

இரண்டாவது கண்டுபிடிப்பு பிஸ்மத் பற்றியது. குவாண்டம் அலைவுகள் முதன்முதலில் காணப்பட்ட அதே பிஸ்மத்தில், இயங்கக்கூடிய எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் மிக அரிதாகவே உள்ளன. ஃபெர்மிப் பரப்பு அத்துணைச் சிறியது. ஆகவே இவ்வுலோகம் மீகடத்தியாகும் வாய்ப்பு மிகக் குறைவென்றே எண்ணப்பட்டது. எஸ். இராமகிருஷ்ணன் தலைமையிலான டாட்டா நிறுவனக் குழுவினர், தூய பிஸ்மத் ஒற்றைப் படிகங்களைத் தாமே அமைத்த அணுக்கருக் காந்தநீக்கக் குளிர்விப்பியில் குளிர்வித்து, 0.53 மில்லி கெல்வினில் அது மீகடத்தியாவதைக் கண்டனர். இம்முடிவு 2016 டிசம்பரில் வெளியாயிற்று. ஏறத்தாழ 5 மைக்ரோ டெஸ்லா புலமே இம்மீகடத்துநிலையைக் கலைக்கப் போதுமானது. அது பூமியின் காந்தப்புலத்தில் பத்தில் ஒரு பங்கு. எனவே வெளிப்புலம் சிறிதும் உட்புகாதவாறு காப்பிட்டே இதனை ஆராய வேண்டியிருந்தது. பிஸ்மத்தில் எலெக்ட்ரான்களின் ஆற்றல் எல்லை அணுக்கோவை அதிர்வின் ஆற்றலை ஒத்த அளவிலேயே இருப்பதால், 1957-ஆம் ஆண்டுக் கோட்பாட்டின் அடிப்படைக் கருதுகோளே இங்குப் பொருந்தவில்லை. அவ்வாறு கூறும் துணிவைத் தந்தது, பல பத்தாண்டுகளாகக் குவாண்டம் அலைவுகளால் பிஸ்மத்தின் ஃபெர்மிப் பரப்பைப் பற்றித் திரட்டப்பட்ட நுண்ணறிவேயாகும்.

புனேயின் பங்கு

இவ்வகை ஆராய்ச்சிக்குத் தேவையான இரு திறன்கள் புனே நகரில் உருவாகியுள்ளன. பாஷாண் பகுதியில் 1950-இல் தொடங்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வுக்கூடமும், 2006-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் அருகருகே உள்ளன. புதிய சேர்மங்களை ஆக்குவதும், அவற்றை ஒற்றைப் படிகங்களாக வளர்த்துத் தாழ்வெப்பநிலையில் ஆராய்வதும் இங்கு நடைபெறும் பணிகளுள் அடங்கும். படிகம் வளர்ப்பது பொறுமை வேண்டும் தொழில். மூலப்பொருளின் தூய்மை, உலையின் வெப்பச் சீர்மை, குளிர்விக்கும் வேகம் ஆகியவற்றில் சிறு பிழை நேர்ந்தாலும் அலைவு தெரியாமற் போகும். வான்கூவர் படிகங்கள் இல்லையேல் துலூஸின் காந்தத்தால் பயன் விளைந்திராது.

இரண்டாவது திறன் கணிப்பு. அளந்த அலைவெண்கள் எந்த வடிவத்தைச் சுட்டுகின்றன என்று தெளிய, எலெக்ட்ரான் அமைப்பைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இதற்குப் பெருங்கணிப்பொறிகள் தேவை. 1988-இல் புனேயில் தோன்றிய உயர்நிலைக் கணிப்பு மேம்பாட்டு மையம் 1991-இல் பரம் 8000 என்னும் நம் நாட்டு மீக்கணிப்பொறியை உருவாக்கிற்று. தேசிய மீக்கணிப்பொறி இயக்கத்தின் கீழ் 2019-இல் புனே அறிவியல் கல்வி நிறுவனத்தில் பரம் பிரம்மா நிறுவப்பட்டது. படிகமும் கணிப்பும் ஒரே வளாகத்தில் அமைவது மாணவர்களுக்குப் பெரும் வாய்ப்பு. கணக்கிட்ட ஃபெர்மிப் பரப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் திசையில் எந்த அலைவெண்ணை எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே கூறிவிட்டு அளவீட்டுக்குச் செல்லும் பயிற்சியை இங்கே பெறலாம்.

எஞ்சியுள்ள தேவை

மூன்று தேவைகளுள் தூய படிகத்தை நம்மால் வளர்க்க முடிகிறது. குளிரையும் உண்டாக்க முடிகிறது. குறை இருப்பது வலிய காந்தப்புலத்தில். நம் ஆய்வுக்கூடங்களில் உள்ள மீகடத்திக் காந்தங்கள் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து டெஸ்லா அளவில் புலம் தருகின்றன. எளிய உலோகங்களுக்கும் தாழ்ந்த புலத்தில் மீகடத்துநிலை நீங்கும் பொருள்களுக்கும் இது போதும். செம்பு ஆக்சைடு போன்றவற்றுக்குப் போதாது. 60 டெஸ்லாவும் அதற்கு மேலும் வேண்டும் ஆய்வுகளுக்கு நம்மவர் பெரும்பாலும் பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளின் கூடங்களில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கின்றனர். ஒதுக்கப்படும் சில நாள்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஐயம் எழுந்தால் மறுநாளே மீண்டும் அளந்து பார்க்கும் வாய்ப்பு இல்லை. ஹீலியத்துக்கும் நாம் பெரிதும் இறக்குமதியையே நம்பியுள்ளோம். ஆவியாகும் ஹீலியத்தைத் திரும்பச் சேகரித்துத் திரவமாக்கும் அமைப்பு ஒவ்வோர் ஆய்வு மையத்துக்கும் இன்றியமையாதது.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ரூ. 6,003.65 கோடி செலவில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. கணிப்பு, தகவல் தொடர்பு, உணர்விகள், பொருள்களும் சாதனங்களும் என நான்கு துறைகளை உள்ளடக்கிய இத்திட்டம் 2030-31 வரை நடைபெறும். இதன் பொருள்கள் பிரிவில் மீகடத்திகளும் இடம்பெற்றுள்ளன. குவாண்டம் கணிப்பொறிகளின் ஒரு வகை மீகடத்திச் சுற்றுகளையே உறுப்பாகக் கொண்டது என்பதால், பயன்பாட்டு நோக்கிலும் இத்துறையின் சிறப்பு விளங்கும். ஆயினும் சாதனங்களைச் செய்யும் ஆர்வத்தில், பொருளை அறியும் அடிப்படை அளவீடுகள் பின்தள்ளப்படலாகாது. பல நிறுவனங்கள் கூடிப் பயன்படுத்தத்தக்க துடிப்புக் காந்தக் கூடம் ஒன்றை நம் நாட்டில் அமைத்தல் ஆராயத்தக்க யோசனை. மின்தேக்கித் தொகுதி, உறுதிமிக்க கம்பி, விரைவு மின்னணுவியல் ஆகிய யாவும் நம் பொறியியல் திறனுக்கு எட்டாதவை அல்ல. பரம் கணிப்பொறி வரலாறு இதனை மெய்ப்பித்துள்ளது.

ஒரு மீகடத்தியைக் கண்டுபிடிப்பதில் நல்வாய்ப்பும் பங்குபெறுவது உண்டு. அதனைப் புரிந்துகொள்வதற்கு அளவீடு ஒன்றே வழி. புரிந்துகொண்டால்தான் அடுத்ததை நோக்கித் திட்டமிட்டுச் செல்ல முடியும். பிஸ்மத்தின் மெல்லிய அலைவுகளை 1930-இல் அளந்தவர்கள் அதன் பயனை அறிந்திருக்கவில்லை. எனினும் 86 ஆண்டுகளுக்குப் பின் மும்பையில் கிடைத்த முடிவின் பொருளை அந்த அளவீடுகளே விளக்கின. இன்று புனேயில் உலையின் முன் அமர்ந்து படிகம் வளர்க்கும் மாணவர், தாம் வளர்த்த படிகத்தின் ஃபெர்மிப் பரப்பைத் தம் நாட்டிலேயே அளந்து வரையும் நிலை ஏற்பட வேண்டும். அதற்கான முதலீடு சிறிதன்று. ஆனால் அதனால் விளையும் அறிவு நெடுங்காலம் நிலைத்து நிற்கும்.